வகுப்பில் ஒரு மானிட்டர், மேசையில் ஒரு மானிட்டர், கிண்டியில் ஒரு மானிட்டர்

கேள்வி இது: "என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் வகுப்பு மானிட்டர் ஆக்கியிருக்கிறார்கள். கிண்டி பாம்புப் பூங்காவுக்குப் போயிருந்தபோது உடும்புக் கூண்டில் 'மானிட்டர் லிசர்ட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, 'கம்ப்யூட்டர்ல இருக்கிறதும் மானிட்டர், இதுவும் மானிட்டர், நானும் மானிட்டரா, எப்படிப்பா?' என்று கேட்கிறான். இவையெல்லாம் ஒரே சொல்லா, தற்செயலாக ஒரே ஒலி கொண்ட வெவ்வேறு சொற்களா? பள்ளி மலருக்கு இதைப் பற்றி எழுதப் போகிறானாம். தமிழில் இதற்கு என்ன சொல் போடலாம்?"

உங்கள் மகனுக்கு என் வாழ்த்துகள். மானிட்டர் ஆனதற்கும், அதைவிட அந்தக் கேள்விக்கும். வடசென்னைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு மானிட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் உடும்புக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்த வழி கோணல் வழி. வகுப்பு மானிட்டரின் கதையிலோ நம் ஊருக்கே பெரிய பங்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது ஒரு மரத்தின் பல கிளைகளா, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களா என்பதை. தமிழிலேயே பாருங்கள். 'திங்கள்' என்றால் நிலவு, மாதம், கிழமை. மூன்றும் ஒரு கிளைவழி: நிலவிலிருந்து மாதம், நிலவின் பெயரால் கிழமை. 'ஆறு' அப்படியல்ல. ஓடுகிற ஆறு பழந்தமிழில் 'யாறு'. எண் ஆறு வேறு சொல். தெலுங்கில் எண் 'ஆறு', ஓடை 'ஏறு' என்று இன்றும் தனித்தனியாகவே நிற்கின்றன. நம் வாயில் யகரம் தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆங்கிலத்தில் இந்த இரண்டாம் வகைக்குச் சென்னைக்காரர் தினமும் பேருந்தில் கேட்கும் எடுத்துக்காட்டு 'மின்ட்'. மின்ட் தெரு என்றால் புதினாத் தெரு இல்லை, தங்கசாலைத் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலை 19ஆம் நூற்றாண்டில் அங்கே இயங்கியது. பேருந்து நிலையத்துக்கு வள்ளலார் நகர் என்று பெயர் வைத்த பிறகும் நடத்துநர் 'மின்ட், மின்ட்' என்றுதான் கூவுகிறார். புதினாவைக் குறிக்கும் மின்ட் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த செடிப்பெயர். நாணயச் சாலையைக் குறிக்கும் மின்ட், 'மொனேட்டா' என்ற லத்தீன் சொல்லின் பேரன். இரண்டும் யாறும் ஆறும் போல. அந்த மொனேட்டாவைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், திரும்ப வரும்.

மானிட்டர் முதல் வகை. லத்தீனில் 'மோனேரே' என்று ஒரு வினை. நினைவூட்டு, அறிவுறுத்து, எச்சரி என்று மூன்று பொருளும் அதில் உண்டு. அதைச் செய்பவன் 'மோனிட்டோர்'. ரோமாபுரியில் வழக்குரைஞர் வாதாடும்போது பக்கத்தில் நின்று, அவர் மறந்த குறிப்பைக் காதில் சொல்பவன் மோனிட்டோர். பெரிய மனிதர் தெருவில் போகும்போது எதிரே வருகிறவர் பெயரை மெல்லச் சொல்லித் தருபவனும் மோனிட்டோர். வயலில் வேலையாட்களை முடுக்குபவனுக்கும் அதே பெயர். கவனியுங்கள், இவர்கள் அனைவருக்கும் வேலை வாயால்தான். பார்ப்பது இரண்டாம் பட்சம். சொல்வதே கடமை. நம் பழைய மொழியில் இதற்கு நேர்ச் சொல் தேடினால் வள்ளுவர் எடுத்தாண்ட 'இடிப்பார்' இருக்கிறது. அரசன் தவறும்போது இடித்துச் சொல்பவர்.

மோனேரேக்கு அடியில் இன்னும் பழைய வேர் ஒன்று இருக்கிறது: 'மென்', நினைத்தல். இது இந்தோ-ஐரோப்பிய மொழிகள் அனைத்துக்கும் பொது. வடமொழியில் 'மனஸ்' இதே வேர், அதிலிருந்து நம் 'மனம்'. 'மந்திரம்' இதே வேர். மந்திரம் சொல்பவர், அதாவது ஆலோசனை சொல்பவர், 'மந்திரி'. ஆக வகுப்பு மானிட்டரும் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் மந்திரியும் சொல் வழியில் தூரத்துப் பங்காளிகள். அந்த மந்திரி மலாய் மொழிக்குப் போய் 'மெந்தரி' ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் 'மாண்டரிம்' ஆகி, சீன அதிகாரிகளுக்குப் பெயராகி, பிறகு சீன மொழிக்கும் பெயராகிவிட்டது. கோயம்பேட்டில் 'மாண்டரின் ஆரஞ்சு' என்று அட்டை ஒட்டி விற்கிறார்களே, அதுவும் இந்த வழியில் வந்த பெயர்தான்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பள்ளிக்குள் வந்துவிட்டது. வகுப்பில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவனுக்கு மானிட்டர் என்று பெயர். எனவே சொல்லைச் சென்னை உண்டாக்கவில்லை. ஆனால் மானிட்டர் என்பவன் வெறும் காவல்காரனாக இல்லாமல் பாடம் சொல்லித் தருபவனாகவும் உலகம் முழுக்க ஆனதற்குச் சென்னையே தொடக்கம். இதை எங்கே பேசினாலும் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போகிறது என்ற ஆதங்கம்தான்.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1753இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர், 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் கம்பெனிக்கு அப்போது ஒரு சிறு கோட்டை இருந்தது. அங்கே ஐரோப்பியப் படைவீரர்களின் அனாதைப் பையன்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி வைத்தார்கள். பெல் 1789இல் அதன் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர்கள் குறைவு, இருந்தவர்களுக்கும் அக்கறை குறைவு. பையன்கள் மாதக்கணக்கில் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் குதிரைச் சவாரி போனவர் வழியில் ஒரு பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை 'மலபார் பள்ளி' என்று குறித்திருக்கிறார்கள். கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் மலபார் என்றே அழைத்தார்கள். அவர் பார்த்தது நம் திண்ணைப் பள்ளிக்கூடம்.

பெல் விடுதிக்குத் திரும்பி, அகரவரிசையை மணலில் எழுதிப் பழக்குங்கள் என்றார். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எனவே எழுத்து தெரிந்த ஒரு பையனை, ஒரு படைவீரரின் மகனான ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை, அழைத்துச் சிறு வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது. பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் பையன்களிடமே கொடுத்தார். 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு லண்டனில் இதை ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது.

அறிக்கை வந்த அடுத்த ஆண்டே, 1798இல், லண்டனில் ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி, ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் நடத்தினார். பெல் தன் பையன்களை ஆசிரியர், உதவியாளர் என்றுதான் அழைத்தார். 'மானிட்டர்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டவர் லங்காஸ்டர். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரு தரப்புக்கும் இங்கிலாந்தில் பல ஆண்டு வாய்ச்சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. ஏனென்றால் இருவருக்கும் முன்னால் அதைச் செய்துகொண்டிருந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெயர் சட்டாம்பிள்ளை.

என் தாத்தா திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்தில் திண்ணைப் பள்ளியில் படித்தவர். வாத்தியார் வருவதற்கு முன்னால் சட்டாம்பிள்ளை வந்து மணலைச் சமப்படுத்தி வைப்பானாம். சின்னவர்களுக்கு அவன்தான் கைபிடித்து எழுதப் பழக்குவான், எண்சுவடி சொல்லச் சொல்லித் திருத்துவான். வாத்தியார் பெரிய பிள்ளைகளை மட்டும் கேட்பார். "எனக்கு அ, ஆ போட்டது வாத்தியார் இல்லடா, சட்டாம்பிள்ளை" என்று தாத்தா சொன்னது நினைவிருக்கிறது.

இது என் குடும்பக் கதை மட்டும் அல்ல. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். வந்த கணக்கில் 12,498 பள்ளிகள் இருந்தன. அதற்காக 1823இல் பதில் எழுதிய பெல்லாரி கலெக்டர் கேம்பெல், இங்கே முன்னேறிய மாணவர்கள் பின்தங்கியவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கம் போற்றத்தக்கது, இங்கிலாந்தில் அதைப் பின்பற்றியது தகும் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து அதிகாரி ஒருவரே எங்கிருந்து எங்கே போனது என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறார்.

பெல் 1832இல் இறந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். அவர் விட்டுச்சென்ற பணத்தில் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி எழும்பியது. அதன் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. நாம் மெட்ராஸ் என்ற பெயரை 1996இல் விட்டோம். ஸ்காட்லாந்தில் அந்தப் பள்ளி இன்னும் அதே பெயரில் நடக்கிறது. உங்கள் மகன் மலரில் எழுத வேண்டியது இதைத்தான் என்பேன்.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது. இன்று தமிழில் 'பெரிய சட்டாம்பிள்ளை' என்றால் அதிகாரம் பண்ணுகிறவன். பத்திரிகைகளில் அமெரிக்காவை 'உலகச் சட்டாம்பிள்ளை' என்று எழுதுவார்கள். மலையாளத்தில் இதே சொல் 'சட்டம்பி'. அங்கே அது ரௌடி என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் கேரளத்தின் பெரிய சீர்திருத்தத் துறவி சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்தது, இளமையில் ஆசானின் பள்ளியில் சட்டம்பியாக, அதாவது மானிட்டராக, இருந்ததால். கற்றுக்கொடுக்கும் பொறுப்பு போய்க் கண்காணிக்கும் அதிகாரம் மட்டும் மிஞ்சும்போது சொல்லின் மதிப்பும் இறங்குகிறது. நம் வகுப்பறையிலும் அதுதானே நடந்தது? மானிட்டரின் வேலை என்னவென்று என் மாணவர்களைக் கேட்டால், கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது என்பார்கள். திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. சொல்லித் தருபவன் குறித்து வைப்பவன் ஆகிவிட்டான்.

இப்போது உடும்பு. இங்கேதான் அந்தக் கோணல் வழி.

எகிப்தில் நைல் நதிக்கரையில் பெரிய உடும்பு ஒன்று உண்டு. அரபியில் உடும்புக்கு 'வரல்'. அதிலிருந்துதான் விலங்கியலில் 'வரானஸ்' என்ற பேரினப் பெயர் வந்தது. இந்த அரபுச் சொல் ஐரோப்பாவுக்குப் போனபோது ஜெர்மன் மொழியில் 'வாரன்' ஆனது. ஜெர்மனில் 'வார்னென்' என்றால் எச்சரித்தல், ஆங்கில 'வார்ன்' உடைய உடன்பிறப்பு. ஒலி ஒத்துப்போனதும் மக்கள் அந்தப் பிராணியை 'எச்சரிக்கும் பல்லி' என்றே அழைக்கத் தொடங்கினார்கள். எச்சரிப்பவன் என்பதை லத்தீனில் போட்டால்? மோனிட்டோர். உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைத்த விஞ்ஞானி லின்னேயஸ் 1758இல் உடும்புக்கு வைத்த பெயரில் அந்தச் சொல் இருக்கிறது.

பெயர் வந்துவிட்டால் அதற்குக் கதையும் வந்துவிடும். முதலை வருவதை இது சீறி மனிதர்களுக்கு எச்சரிக்குமாம். உண்மையில் நைல் உடும்பு முதலையின் முட்டையைத் தோண்டித் தின்னும். முதலை இருக்கும் இடத்தில் இதைப் பார்த்தவர்கள் காரணத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அறிஞர்கள் சிலர் இன்னும் இந்த முதலைக் கதையையே முன்வைக்கிறார்கள். எனக்கு ஒலி மயக்கம்தான் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஏனென்றால் அதே விஷயம் நம் ஊரிலும் நடந்திருக்கிறது.

மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஹாமில்டன் பெயரால் ஒரு பாலம் இருந்தது. 'ஹாமில்டன்' நம் மக்கள் வாயில் நுழையவில்லை. 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று. பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் அந்தத் தமிழ்ப் பெயரைக் கேட்டு, பொருள் தெரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று மொழிபெயர்த்தார்கள் என்று சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. இப்போது அது அம்பேத்கர் பாலம். வரல், வார்னென், மானிட்டர் என்ற வரிசையும் ஹாமில்டன், அம்பட்டன், பார்பர் என்ற வரிசையும் ஒரே அச்சு. புரியாத சொல்லைக் காது தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்கிறது. பிறகு வருகிறவர் அந்த மாற்றத்தை உண்மை என்று நம்பி மொழிபெயர்க்கிறார்.

நம்மவர்கள் உடும்பிடம் கண்டது எச்சரிக்கையை அல்ல, பிடியை. 'உடும்புப் பிடி' என்கிறோம். அந்த விலங்கைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. கிண்டி காட்டிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் உடும்பு இன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். பிடிப்பதும் தின்பதும் தண்டனைக்குரிய குற்றம். இதையும் பையனிடம் சொல்லிவையுங்கள்.

கப்பல் மானிட்டர் ஒன்று உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அணிக்காக ஸ்வீடனில் பிறந்த ஜான் எரிக்சன் ஒரு இரும்புக் கப்பலைக் கட்டினார். தண்ணீர் மட்டத்தோடு தட்டையாகக் கிடக்கும், நடுவில் சுழலும் பீரங்கிக் கூண்டு. 1862 ஜனவரியில் பெயர் வைக்கும்போது, தெற்கின் தலைவர்களுக்கு இது கடுமையான எச்சரிக்கையாக இருக்கட்டும், இங்கிலாந்துக்கும் இருக்கட்டும் என்று சொல்லி 'மானிட்டர்' என்றார். மார்ச் 9ஆம் தேதி எதிரியின் இரும்புக் கப்பலோடு மணிக்கணக்கில் மோதியது, இருவரும் வெல்லவில்லை. டிசம்பர் 31ஆம் தேதி புயலில் மூழ்கியது. ஓராண்டுகூட மிதக்கவில்லை, ஆனால் அந்த மாதிரிக் கப்பல்களுக்கெல்லாம் மானிட்டர் என்பதே இனப்பெயர் ஆனது. சொல்லின் பழைய பொருளை முழுதாக அறிந்து வைத்த பெயர்களில் இதுவே கடைசி என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு சொல் வாயை விட்டுக் காதுக்கும் கண்ணுக்கும் நகர்ந்துவிட்டது. 1920களில் வானொலி வந்தது. ஒலிபரப்பு சரியாகப் போகிறதா என்று நிலையத்திலேயே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்கு 'மானிட்டர் பண்ணுதல்' என்று பெயர் வந்தது, அதற்கான கருவிக்கும் மானிட்டர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் பிபிசி, எதிரி நாட்டு வானொலிகளை ஒட்டுக்கேட்க ஒரு தனிப் பிரிவே வைத்தது. எச்சரிக்கும் வேலை மெல்லக் கவனிக்கும் வேலை ஆயிற்று.

தொலைக்காட்சி வந்தபோது, கேமரா பிடிப்பது எப்படித் தெரிகிறது என்று நிலையத்துக்குள் பார்க்கும் பெட்டிக்கு அதே பெயர் வைத்தார்கள். வீட்டு டிவிக்கும் அதற்கும் வேறுபாடு, மானிட்டரில் சேனல் பிடிக்கும் பகுதி இருக்காது, கம்பியில் வருவதை மட்டும் காட்டும். பிறகு கணினிக்குத் திரை தேவைப்பட்டபோது இந்தப் பெட்டியைத்தான் கொண்டுவந்து மாட்டினார்கள். பெட்டி வந்தது, பெயரும் கூடவே வந்தது. 'மானிட்டர் ஏன் மானிட்டர்' என்பதற்கு அவ்வளவுதான் விடை. ரிச்சி தெருவில் பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டர்களை மலைபோல அடுக்கி வைத்திருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அவற்றில் ஒன்றும் யாரையும் எச்சரிக்கவில்லை, யாரையும் கவனிக்கவும் இல்லை. நாம்தான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரோமாபுரியில் காதோரம் நின்று சொன்ன மனிதன் கடைசியில் நாம் முறைத்துப் பார்க்கும் பொருளாகிவிட்டான்.

ஆனாலும் பழைய பொருள் முழுக்கச் சாகவில்லை. மார்கழியில் சபாவுக்குப் போனால் பாருங்கள். பாடகர் முதல் வர்ணத்தை எடுத்த உடனே மைக்செட்காரரைப் பார்த்து விரலை மேலே காட்டி, "மானிட்டர் கொஞ்சம் ஏத்துங்கோ" என்பார். மேடையில் பாடுகிறவரை நோக்கித் திருப்பி வைத்த அந்தச் சிறு ஸ்பீக்கருக்கு மானிட்டர் என்று பெயர். அவர் குரலை அவருக்கே சொல்லித் தருவது அதன் வேலை. சுருதி விலகினால் முதலில் அதன் மூலமே அவருக்குத் தெரியும். வழக்குரைஞர் பக்கத்தில் நின்ற அந்த ரோமானிய ஆள் செய்த வேலைக்கு இதைவிட நெருக்கம் வேறு எது?

மருத்துவமனையிலும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா ஐசியூவில் ஒன்பது நாள் இருந்தார். தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடும் மானிட்டர். எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று, ஆனால் நர்ஸ் ஒருமுறைகூட நின்று எண்ணைப் பார்க்கவில்லை. அது கத்தினால் மட்டும் ஓடி வந்தார். நான்காம் நாள் இரவு அது கத்தியது. அந்தப் பெண் ஓடி வந்து முகமூடியைச் சரி செய்தார். அன்று இரவு எனக்கு மோனேரே என்ற வினை புத்தகத்திலிருந்து இறங்கி வந்து கட்டிலருகே நின்றது போல இருந்தது. அம்மா வீடு திரும்பினார், அதற்குப் பிறகு ஆறு ஆண்டு இருந்தார்.

சொந்தக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். பையன்களுக்கு இது பிடிக்கும். நீதிமன்றம் அனுப்பும் 'சம்மன்' இதே மோனேரேதான். 'மறைவாக நினைவூட்டு' என்ற கூட்டு வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'மான்ஸ்டர்' கூட அதே குடும்பம். முதலில் அதற்கு அரக்கன் என்று பொருள் இல்லை, கடவுள் அனுப்பும் எச்சரிக்கை, நம் நிமித்தம் போல. இரட்டைத் தலைக் கன்று பிறந்தால் அது மான்ஸ்டர். அந்தச் சொல்லிலிருந்து 'காட்டு' என்ற பொருளில் ஒரு வினை பிறந்து, அதிலிருந்து கடைகளில் காட்டும் 'டெமோ'வும், நூறு நாள் வேலைக்குக் கையெழுத்து வாங்கிய 'மஸ்டர் ரோல்' என்பதில் உள்ள மஸ்டரும் வந்தன. ஆளைக் காட்டு, கணக்கில் எழுது என்பதே அதன் பொருள்.

மொனேட்டாவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ரோமாபுரியில் கேப்பிடல் குன்றில் ஜூனோ என்ற பெண்தெய்வத்துக்கு ஒரு கோயில், கி.மு. 344இல் கட்டியது. தெய்வத்துக்கு அடைமொழி மொனேட்டா. அந்தக் கோயிலை ஒட்டியே ரோமானியர் நாணயம் அடித்தார்கள். அதனால் மொனேட்டா என்றாலே நாணயம் என்றானது. அதிலிருந்து பழைய ஆங்கிலத்தில் 'மின்ட்', பிரெஞ்சு வழியாக 'மணி'. அடைமொழியை ரோமானியரே மோனேரேயோடு சேர்த்து, 'எச்சரிக்கும் அம்மன்' என்று பொருள் கண்டார்கள். பகைவர் இரவில் குன்றேறியபோது ஜூனோவின் வாத்துகள் கத்தி ஊரை எழுப்பியதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை. நிலநடுக்கத்தின்போது கோயிலிலிருந்து குரல் கேட்டது என்று சிசரோ வேறு காரணம் சொல்கிறார். ஒரே பெயருக்கு இரண்டு கதை இருந்தால் இரண்டையும் சந்தேகப்படுவது என் வழக்கம். இன்றைய ஆய்வாளர் சிலரும் இந்த வேர்த்தொடர்பை ஏற்பதில்லை. ஆகவே தங்கசாலையும் வகுப்பு மானிட்டரும் உறவு என்பதை மலரில் உறுதியாக எழுத வேண்டாம். 'ரோமானியர் அப்படி நம்பினார்கள்' என்று எழுதினால் போதும்.

கடைசியாகத் தமிழ்ச் சொல். இங்கே ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது, போடவும் கூடாது என்பது என் முடிவு. கருத்தரங்குகளில் 'கண்காணிப்பான்' என்று கேட்டிருக்கிறேன். 'கண்காணி' நல்ல பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைக் கண்காணி செய்வார் வருகிறார்கள். ஆனால் அதன் வேர் முழுக்கக் கண்ணில் இருக்கிறது, வாயில் இல்லை. தவிரவும் அந்தச் சொல் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன நம் மக்களோடு போய், 'கங்காணி' ஆகி, ஆங்கில அகராதிகளிலேயே ஏறிவிட்டது. தேயிலை ரப்பர்த் தோட்டங்களில் கங்காணி என்ற பெயர் எவ்வளவு கண்ணீரோடு சேர்ந்தது என்பது அங்கிருந்து திரும்பிய குடும்பங்களுக்குத் தெரியும். பதினொரு வயதுப் பையனுக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

கணினிக்கு 'திரை' போதும். 'திரையகம்' என்று பாடநூல் பழக்கம் இருந்தால் அதுவும் சரி. கூண்டில் இருப்பது உடும்பு, வேறு பெயர் வேண்டாம். கண்காணித்தல் என்ற வினையை மழை அளவுக்கும் ஏரி நீர்மட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐசியூ கருவியையும் சபா ஸ்பீக்கரையும் மானிட்டர் என்றே எழுதட்டும். மக்கள் வாயில் அப்படித்தான் இருக்கிறது.

வகுப்பு மானிட்டருக்குச் சட்டாம்பிள்ளை என்றே எழுதச் சொல்லுங்கள். அதிகாரம் பண்ணுகிறவன் என்று நண்பர்கள் கிண்டல் செய்தால், மணலில் அ, ஆ எழுதப் பழக்கிய பையனுக்கு அந்தப் பெயர் இருந்தது என்றும், எழும்பூர் பையன்கள் அந்த வேலையைத்தான் செய்தார்கள் என்றும் அடுத்த வரியிலேயே விளக்கம் போட்டுவிடலாம்.